ஐந்தாவது ஆள்

திருத்தங்கலில் ஒரு காலண்டர் அச்சகம். கரண்ட் போய் மெஷின் நின்றுவிட்ட ராத்திரி. காகிதக் கட்டின் மேல் ஹாதியா. மெஷின் படியில் செல்வக்குமார். கதவில் சாய்ந்தபடி ஃபரீத். நடுவில் ஒரு செல்போன் வெளிச்சம்.

"பேய்க் கதைன்னு சொல்லி அளந்து விடாத," என்றான் ஃபரீத்.

"பயந்தா இந்தப் பக்கம் வந்து உக்காருலே," என்றாள் ஹாதியா. "இது எஞ் சேக்காளி நாகஜோதியோட அத்தைக்கு நடந்தது."

அவள் சொன்னது இது.

சாயங்காலம் ஆறேகால் மணி. விருதுநகரில் ரயிலடிக்குப் பின்னால் போகும் ரோடு... ஆள் நடமாட்டம் இல்லை. ஊரின் பழைய கட்டடங்களை நடந்து பார்க்கும் கூட்டம் ஒன்று அந்த வழியாக வந்தது. கூட்டி வந்தவர் முகம்மது இஸ்மாயில், பருப்பு வியாபாரி. பழைய கட்டடம் என்றால் கடையைச் சாத்திவிட்டு வந்துவிடுவார். கடைசியாக நாகஜோதி, அவள் கையைப் பிடித்தபடி அத்தை வள்ளித்தாய்.

வள்ளித்தாய்க்குக் கட்டடம் பார்க்கும் ஆசை இல்லை. அவளை வீட்டில் தனியே விட நாகஜோதிக்குப் பயம். இரண்டு மாதத்துக்கு முன் ஏழாயிரம்பண்ணைப் பக்கம் பட்டாசு ஆலையில் ஓர் அறை வெடித்தது. பட்டாசுக்கு மருந்து அடைக்கும் அறையில் நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. ஐந்தாவதாக ஒருவர் நுழைந்தால், இருப்பவர்களில் ஒருவர் எழுந்து வெளியே போய்விட வேண்டும். அன்று உள்ளே வேலையில் இருந்த நாலு பேரில் ஒருத்தி வள்ளித்தாய். ஐந்தாவதாக நுழைந்தவள் அவள் மகள் முத்துச்செல்வி.

"நீ போயி தண்ணி குடிம்மா. நான் பாக்கேன்."

வள்ளித்தாய் எழுந்து போனாள். தண்ணீர்ப் பானையைத் தொடக்கூட இல்லை... அதற்குள் சத்தம்.

ஆஸ்பத்திரியில் கிடந்த உடல்களில் யார் யாரென்று அடையாளம் தெரியவில்லை. தாயின் ரத்தத்தை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தால்தான் மகளை ஒப்படைக்க முடியும் என்றார்கள். வள்ளித்தாய் மாட்டேன் என்று எழுதியே கொடுத்துவிட்டாள். "குடுத்தா, அவ செத்துட்டான்னு ஆயிரும்."

நடைக் கூட்டம் போய் நின்ற கொட்டகை வெள்ளைக்காரன் காலத்தில் கட்டியது. முதலில் நாடகம், பிறகு சினிமா, இப்போது புறா. படம் ஓட்டும் அறை மாடியில் இருந்தது. சின்ன அறைக்கு இரண்டு கதவுகள்.

"அந்தக் காலத்து பிலிம், மருந்து மாதிரி பத்திக்கிடும்," என்றார் இஸ்மாயில். "ஆபரேட்டர் தப்பிச்சு ஓடத்தான் அந்த ரெண்டாவது கதவு. வெளிய இரும்பு ஏணி வச்சிருந்தாக."

மற்றவர்கள் கீழேயே நின்றுவிட, உள்ளே அவர், நாகஜோதி, பிரபாகரன் என்ற வாத்தியார். வள்ளித்தாய் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். கண் தானாக எண்ணியது.

"நாலு பேர் இருக்கீக. நான் இங்கனயே நிக்கேன்."

"மூணு பேருதாம்மா," என்று இஸ்மாயில் சிரித்தார். "உங்களச் சேத்தாத்தான் நாலு. வாங்க."

ஒரு காலை உள்ளே வைத்தாள்.

எதிர்க் கதவு... துருவேறி இறுகிக் கிடந்த கதவு... கிரீச். யாரும் தொடவில்லை. கந்தக வாடை. பிறகு, இரும்பில் வெறுங்கால் இறங்கும் சத்தம். தம்... தம்... அவசரமே இல்லாமல்.

"ஏட்டி, போகாத!" வள்ளித்தாய் வைத்த காலைப் பின்னுக்கு இழுத்தாள். "நீ உள்ள இரு. நான் வெளிய நிக்கேன்!"

சத்தம் நின்றது. பாதி ஏணியில்... காத்துக்கொண்டு.

புறாகூட அசையவில்லை.

வள்ளித்தாய் குனிந்து வாசற்படியைப் பார்த்தாள். அன்றைக்கும் இப்படித்தான். மகளை உள்ளே விட்டுவிட்டு இவள் வெளியே நின்றாள். மெல்ல ஒரு காலை எடுத்து உள்ளே வைத்தாள். அப்புறம் இன்னொரு காலை.

"போ தாயி. நீ வெளிய போயிரு. அம்மா உள்ள வந்துட்டேன்."

தம்... தம்... இறங்கி, மண்ணில் அமுங்கி... அப்புறம் இல்லை.

பிரபாகரன் ஓடிப்போய் எட்டிப் பார்த்தார். ஏணி இல்லை. எப்போதோ அறுத்து எடுத்துவிட்டிருக்கிறார்கள். அது இருந்த இடத்தில், சுவரில் ஓட்டைகள்தான்.

மறுநாள் விடிந்ததும் வள்ளித்தாய் நாகஜோதியை எழுப்பினாள். "மாட்டேன்னு எழுதிக் குடுத்தேன்ல. ரத்தம் குடுக்கச் சம்மதம்னு ஆஸ்பத்திரிக்கு எழுது."

"நேர்லயே போவோம் அத்தே."

"போவோம். கடுதாசி முன்ன போகட்டும்."

நாகஜோதி எழுதினாள். கடைசியில் ஒரு வரி சேர்க்கச் சொன்னாள் அத்தை: "எம்மக கிடக்கற அறைக் கதவப் பூட்டாதீக." நாகஜோதி நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தாள். அப்படியே எழுதிவிட்டு, பசை தடவி உறையை மூடினாள்.

தெருமுனைத் தபால் பெட்டியை அப்போதுதான் திறந்து எல்லாவற்றையும் எடுத்துப் போயிருந்தார்கள். வள்ளித்தாய் தன் கையாலேயே கடிதத்தை உள்ளே விட்டாள். விழும் சத்தத்துக்காக இரண்டு பேரும் நின்று கேட்டார்கள்.

காலிப் பெட்டி, அடித் தகரத்தில் தட்டென்று விழ வேண்டும்... உள்ளே யாரோ கை நீட்டி வாங்கிக்கொண்டதுபோல், சத்தமே வரவில்லை.