திறந்து கிடந்த கடவுச்சொல்

சார், உங்கள் கணினித் திரையின் ஓரத்தில் ஒரு மஞ்சள் காகிதம் ஒட்டியிருக்கிறது. முதலில் அதைக் கிழித்துப் போடுங்கள். டீ கொண்டுவந்தவர் உட்பட இந்த அறைக்கு வந்துபோன எல்லோருக்கும் உங்கள் கடவுச்சொல் தெரியும். குறையாகச் சொல்லவில்லை. பெரும்பாலானவர்கள் இப்படித்தான்.

என் தங்கையும் அந்த ரகம். குழந்தைகள் வார்டில் நர்ஸ், மேல்படிப்புத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். மனப்பாடம் செய்ய அவள் பயன்படுத்திய ஃபிளாஷ்கார்டு கருவியை எழுதியவன் நான். அட்டையின் முன்பக்கம் மருந்தின் பெயர், பின்பக்கம் குழந்தையின் எடைக்கு எவ்வளவு என்ற அளவு. கணினியில் ஒரு அட்டையை மாற்றினால் போனிலும் தானாக மாறிவிடும்.

அப்படி மாற வேண்டுமென்றால் கருவி அவளுடைய கடவுச்சொல்லை எங்கேயாவது வைத்திருக்க வேண்டும். அதற்கென்று கணினிக்குள்ளேயே பூட்டிய பெட்டகம் ஒன்று உண்டு. என் கருவி ஒரே ஒரு முறை கடவுச்சொல்லைக் கேட்டு, அதற்குள் போட்டுவிட்டு, தான் மறந்துவிடும். அதன்பின் திறக்கும்போதெல்லாம் பெட்டகம் அனுமதி கேட்கும். ஒரு தட்டு தட்டினால் போதும். அந்த ஒரு தட்டு மகாராணிக்குப் பாரமாகிவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா வீட்டில் நான் அவளுடைய மடிக்கணினியைத் திறந்தால், அவள் கடவுச்சொல், பூட்டில்லாத ஒரு சாதாரணக் கோப்பில், யாரும் படிக்கும்படி கிடக்கிறது. அந்தக் கோப்பை வார்டுத் தோழிகளோடும் பகிர்ந்திருந்தாள்.

"என்னம்மா இது, வாசலைத் திறந்து போட்டு வச்சிருக்க?" என்றேன்.

சாப்பிட்டுக்கொண்டே சிரித்தாள். "அண்ணா, இதென்ன பேங்க் லாக்கரா? என் கார்டைத் திருடி யாரு பாஸாகப் போறா?"

அம்மாவும் சேர்ந்துகொண்டாள். "விடுடா. அவ உயிரைக் காப்பாத்துற வேலை பாக்குறா. நீ பொட்டியைத் தட்டிட்டு உக்காந்திருக்க."

நான் கோபப்படவில்லை. திருட்டைத் தவிர வேறொன்றையும் யோசிக்கத் தெரியாதவர்களிடம் என்ன பேசுவது? திறந்த வாசல் வழியாக எடுத்துக்கொண்டுதான் போக வேண்டுமா? உள்ளே கொண்டுபோய் வைக்கவும் செய்யலாம்.

என் வீட்டுக்குப் போனதும் அவள் கணக்கில் நுழைந்தேன். ஒரே ஒரு அட்டை. அவள் வார்டில் அதுவரை கொடுத்துப் பழகாத மருந்து. பதிலில் இருந்த தசமப் புள்ளியை எடுத்தேன். அளவு பத்து மடங்கானது. கண்டுபிடிப்பாள், அலறியடித்துக்கொண்டு என்னிடம் ஓடிவருவாள், அப்போது பெட்டகத்தைப் பற்றி மறுபடி சொல்லலாம் என்றிருந்தேன்.

அவள் கண்டுபிடிக்கவில்லை. ஒவ்வொரு அட்டையின் பதிலும் எவ்வளவு சுலபமாக நினைவுக்கு வந்தது என்பதற்கு அவள் எந்தப் பொத்தானை அழுத்துகிறாள் என்பது பதிவாகும். முதலில் 'கடினம்' என்று அழுத்தினாள். பிறகு 'சரி'. பிறகு 'எளிது'. தினமும் பார்த்துக்கொண்டிருந்தேன். கிளிப்பிள்ளை மாதிரி உருப்போட்டுக்கொண்டிருந்தாள். திருத்தியிருக்கலாமே என்பீர்கள். திருத்திவிட்டால் அவள் என்ன கற்றுக்கொள்வாள்?

பிறகு அந்தக் கைக்குழந்தை வந்தது. இதயத் துடிப்பில் ஏதோ கோளாறு. அறுவை அறைக்கு ஓடிக்கொண்டிருந்த டாக்டர், மருந்தின் பெயரை மட்டும் சொல்லி, வழக்கமான அளவைப் போடச் சொல்லியிருக்கிறார். அளவை இரண்டு நர்ஸ்கள் சரிபார்க்க வேண்டும் என்பது விதி. மூத்த நர்ஸ் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. "நீ சொன்னா சரியாத்தாம்மா இருக்கும்" என்றாராம். உங்களிடம் அவரே சொல்லியிருக்கிறார். அங்கேயும் பூட்டு இருந்தது, பூட்டத்தான் ஆளில்லை. பால்புட்டியைக் கழுவப் போன தாய் திரும்பி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

செய்தி கேட்டதும் புள்ளியைத் திரும்ப வைத்தேன். பிழையான அட்டையை விட்டுவைப்பது எனக்குப் பிடிக்காது.

தங்கையை வேலையிலிருந்து நீக்கினார்கள், வழக்குப் போட்டார்கள். அவளைப் பார்க்கப் போனேன். மெலிந்திருந்தாள்.

"கார்டுல சரியாத்தாண்ணா இருக்கு. எனக்கு மட்டும் எப்படித் தப்பா மனப்பாடம் ஆச்சு? எனக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கா?" என்று கேட்டாள்.

"கவனமா இருந்திருக்கணும்மா" என்றேன். வேறென்ன சொல்ல?

அதோடு விட்டிருப்பேன். ஆனால் நீங்கள் வைத்த நிபுணர், வெளியாள் யாரோ கணக்கில் நுழைந்திருக்கிறார், காரணம் கருவியின் பாதுகாப்புக் குறை என்று அறிக்கை எழுதிவிட்டார். கருவியைச் செய்தவன் என்று என் பெயரைப் போட்டு எழுதியிருக்கிறார். அதைப் படித்துவிட்டுத்தான் நானாகவே இந்த ஸ்டேஷனுக்கு வந்தேன். குறை கருவியில் இல்லை. நுழைந்தவன் நான். புள்ளியை எடுத்தவன் நான்.

கடவுச்சொல்லைப் பெட்டகத்துக்கு வெளியே வைக்கும் வழி கருவியில் எப்படி வந்தது என்று கேட்கிறீர்கள். சோதனைக்காக நான் வைத்தது. அனுமதி கேட்டுத் தொல்லை பண்ணுகிறது என்று அவள் புலம்பியபோது, அந்த வழியைக் காட்டிக்கொடுத்ததும் நான்தான். ஆனால் சார், காட்டினால் உடனே அந்த வழியில் போய்விடுவதா? கொஞ்சமாவது புத்தி வேண்டாமா?