ஜெயராஜின் கல்

ஸ்கேனுக்கு வெறும் வயிற்றோடு வரச் சொன்னால், நம் ஆட்கள் காபியைக் குடித்துவிட்டு வந்து, "அது சாப்பாடு இல்லையே" என்பார்கள். ஜெயராஜ் அப்படியில்லை. கும்மிடிப்பூண்டியில் கம்பெனி பஸ் ஓட்டுபவர். ஷிப்ட் ஆட்களை இறக்கிவிட்டு நேராகத் திருவள்ளூருக்கு, எங்கள் பயிற்சி மையத்துக்கு வருவார். வயிற்றில் ஒன்றும் இருக்காது. எனக்கு அவர் மேல் மரியாதை வந்ததே அதனால்தான். விசாரணை அதிகாரி இதையும் குறித்துக்கொள்ளலாம்.

நான் டாக்டர் ஜோதிலட்சுமி. இளம் டாக்டர்களுக்கு வயிறு, இடுப்புப் பகுதி ஸ்கேன் கற்றுத்தருகிறேன். இந்த வேலையில் பெரிய தட்டுப்பாடு, நல்ல வயிறுகளுக்குத்தான். மாணவர்கள் ஒருவர் வயிற்றை ஒருவர் பார்த்துப் பழகுவார்கள். எல்லாம் இளவயசு, உள்ளே எதைப் பார்த்தாலும் புத்தகப் படம் மாதிரி சுத்தமாக இருக்கும். அதை வைத்துக்கொண்டு நோயை எப்படிச் சொல்லித்தருவது? நிஜ நோயாளியோ, பத்துப் பேர் மாறி மாறி அழுத்தினால் எழுந்து போய்விடுவார்.

அப்போதுதான் ஜெயராஜ் வந்தார். சாப்பிட்டால் வயிறு உப்புசமாக இருக்கிறது என்றார். வலது விலாவுக்குக் கீழே ஸ்கேன் கருவியை வைத்தேன். பித்தப்பையில் ஒற்றைக் கல். வெள்ளை வெளேரென்று உருண்டையாக, பின்னால் கத்தரித்து ஒட்டியதுபோல் கறுப்பு நிழலோடு. இடது பக்கம் திரும்பிப் படுக்கச் சொன்னேன்; கல்லும் சமர்த்தாக உருண்டு வந்தது. அவ்வளவு அழகான கல்லை நான் பார்த்ததில்லை.

"இன்னா மேடம், எதுனா பேஜாரா?"

"வெறும் வாயு. ஆனா உங்க வயிறு ரொம்பத் தெளிவாத் தெரியுது ஜெயராஜ். மாசாமாசம் வந்து நம்ம பசங்களுக்குக் காட்டுறீங்களா? உங்களுக்கும் செக்கப் ஆன மாதிரி இருக்கும்."

அவருக்கு ஒரே பெருமை. தன் வயிற்றில் டாக்டர்கள் பாடம் படிக்கிறார்கள் என்று பஸ் முழுக்கச் சொல்லியிருக்கிறார்.

பட்டினியாக வந்தவரை அப்படியே அனுப்ப எனக்கு மனம் வராது. மட்டன் பிரியாணி வரவழைப்பேன். கொழுப்பு உள்ளே போனால் பித்தப்பை சுருங்கும். மாணவர்கள் அதையும் பார்க்க வேண்டுமே. சாப்பிட்டவரை மறுபடி படுக்கவைப்போம். சில நாள் வலியில் வேர்த்துக் கொட்டும். "கொஞ்சம் ஜாஸ்தியாத் துன்னுட்டேன் மேடம்" என்று அவரே கூச்சப்படுவார். நான் ஜீரண மருந்து கொடுத்து அனுப்புவேன்.

படுத்திருப்பவர் எதிரே நோயைப் பற்றிப் பேசக் கூடாது என்பது என் வகுப்பில் சட்டம். அது நல்ல பழக்கமும்கூட. பழவேற்காட்டிலிருந்து படிக்க வந்த சுகிர்தா மட்டும் ஒருநாள் தனியாக வந்து நின்றாள்.

"மேடம், அந்த அண்ணனுக்கு ஆபரேஷன் எப்போ?"

"அவருக்குத் தெரியும்மா. இப்ப வேணாம்னு அவரே சொல்லிட்டார்."

அவள் நம்பவில்லை போலிருக்கிறது. பஸ் ஸ்டாண்டில் அவரைப் பிடித்துச் சொல்லிவிட்டாள். அடுத்த முறை வந்தபோது அவரே சிரித்துக்கொண்டு சொன்னார்.

"அந்தப் பொண்ணு கல்லு கீதுன்னு பயமுறுத்துது மேடம். ஜோதி மேடமே வாயுன்னு சொல்லிக்கினு கீறாங்க, நீ இப்பத்தானம்மா கத்துக்கினு கீறேன்னுட்டு வந்துட்டேன்."

நானும் சிரித்தேன். அன்றைக்குப் பிரியாணியோடு முட்டையும் சேர்த்துச் சொன்னேன்.

போன மாதம் கவரைப்பேட்டை அருகே பஸ்ஸை ஓரங்கட்டி நிறுத்திவிட்டு, ஸ்டியரிங் மேல் சாய்ந்துவிட்டார். பஸ் நிறையத் தொழிலாளர்கள். கல் பித்தப்பையின் கழுத்தில் அடைத்து, பை அழுகி, சீழ் வயிறெங்கும் பரவியிருந்தது. கொண்டுபோன ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தது யார் என்கிறீர்கள்? சுகிர்தாதான். நன்றாகவே எடுத்திருந்தாள். புகார் கொடுத்தவளும் அவளே.

ஜெயராஜ் பிழைத்துவிட்டார். உங்களிடம் அவர் சொன்னதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். "மேடம் தங்கமானவங்க. அவங்களும் மனுஷங்கதான, கண்ணுக்குத் தப்பிப் பூட்டிருக்கும்" என்றாராம். என் வக்கீல் முரளி அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"அதையே சொல்லிடுங்க மேடம். கவனிக்கலைன்னா ஒரு எச்சரிக்கையோட போயிடும். தெரிஞ்சே பண்ணீங்கன்னா ஜெயில்."

நியாயமான யோசனைதான். சொல்லிப் பார்த்தேன், வாயில் வரவில்லை. என்னிடம் படித்தவர்கள் இந்த மாவட்டம் முழுக்க இருக்கிறார்கள். ஜோதிலட்சுமி ஒரு கல்லைக் கோட்டை விட்டாள் என்று அவர்கள் பேசிக்கொள்வதா?

ஆகவே, எழுதிக்கொள்ளுங்கள். முதல் நாளே பார்த்தேன். மாதா மாதம் அது பெரிதாவதையும் பார்த்தேன். என்றைக்காவது அடைக்கும் என்று தெரிந்தேதான் பிரியாணி போட்டேன். அந்த மனிதரைக் கொல்லப் பார்த்தேன் என்று வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள். கல் என் கண்ணுக்குத் தப்பியது என்று மட்டும் போட்டுவிடாதீர்கள்.