இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

என் கையெழுத்து நன்றாக இருக்கும். லைன்மேன் பயிற்சிக்கு வருகிறவர்களில் அது அபூர்வம். அதனால்தான் கல்லூரி அலுவலகத்தில் என்னைக் கூப்பிட்டு, காது சரியாகக் கேட்காத ஒரு மாணவருக்காக டேப்லெட்டில் கையால் குறிப்பெழுதி அனுப்ப முடியுமா என்று கேட்டார்கள். யாருக்கு என்பது ரகசியமாம். பதினான்கு பேர் வகுப்பில் காதுக்கருவி மாட்டியவன் லூசியன் டெஷார்லே ஒருவன்தான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார்கள்.

அவனும் நானும் கனடாவில், வடக்கு மனிடோபாவில் ஒரே ஊர். அங்கே மின்சாரக் கம்பெனியில் அந்த வருடம் ஒரே ஒரு காலியிடம், முதல் மதிப்பெண் எடுப்பவனுக்கு. "வெஸ்லி, உன் நோட்ஸ் இல்லேன்னா நான் எப்பவோ பெட்டியைக் கட்டியிருப்பேன்டா," என்பான். அதைப் படித்தே இரண்டு தேர்விலும் என்னை முந்தினான். எனக்குக் கோபமே வரவில்லை. பயம்தான் வந்தது.

நவம்பரில் ஒரு நாள் ஆசிரியர் தோர்வால்ட்சன் பாடப்புத்தகத்தைத் தூக்கிக் காட்டினார்.

"இருநூத்திப் பன்னண்டாம் பக்கத்தைத் திறங்கப்பா. டெஸ்டர்ல விளக்கு எரியலைன்னா லைன்ல கரண்ட் இல்லேன்னு போட்டிருக்கு பாருங்க, அதை அடிங்க. டெஸ்டரே செத்துக் கிடந்தா? முதல்ல கரண்ட் ஓடுற லைன்ல வச்சு அது எரியுதான்னு பாருங்க. இல்லேன்னா உங்க வீட்டுக்கு நான்தான் துக்கம் சொல்லப் போகணும்."

எல்லாரும் சிரித்துக்கொண்டே பேனாவால் அடித்தார்கள். ஆசிரியர் சொன்னது சரியாகக் கேட்காமல் லூசியன் என்னைத் திரும்பிப் பார்த்தான். அனுப்புகிறேன் என்று கட்டைவிரலைக் காட்டினேன்.

அன்று அனுப்பிய குறிப்பில் அந்தத் திருத்தம் இல்லை. எழுதினேன், பிறகு அழித்தேன். தேர்வில் அவனுக்கு ஒரு கேள்வி போகும், அவ்வளவுதான். பொய்யாக ஓர் எழுத்துக்கூட நான் எழுதவில்லை.

அந்தக் கேள்வி தேர்வில் வரவே இல்லை. அவன் முதல், நான் இரண்டாவது. கடைசியில் இன்னோர் இடமும் காலியாகி, கம்பெனி எங்கள் இருவரையுமே எடுத்துக்கொண்டது. அப்போதாவது சொல்லியிருக்கலாமே என்று விசாரிக்க வந்த நீங்கள் கேட்பீர்கள், சார். 'அப்பவே ஏன்டா எழுதலை' என்று கேட்பானே. பதினான்கு மாதம் அந்தக் கேள்விக்குப் பயந்தேன். அவன் மேலே போகும்போதெல்லாம் அவன் கையிலிருக்கும் டெஸ்டரையே பார்த்துக்கொண்டு நிற்பேன். இறங்கிய பிறகுதான் எனக்கு உயிர் வரும்.

பனிப்புயலுக்கு மறுநாள், குளிர் மைனஸ் முப்பத்து நான்கு டிகிரி. ஃபோர்மேன் அடுத்த கம்பத்தில் இருந்தார். லைனை நிறுத்தியாயிற்று என்றார்கள். ஆனால் எந்த வீட்டிலோ ஜெனரேட்டர் ஓடி, அதன் கரண்ட் லைனில் ஏறியிருந்தது. லூசியன் தூக்கு வண்டியின் கூடையில் உயர்ந்து டெஸ்டரை நீட்டினான். விளக்கு எரியவில்லை. அந்த டெஸ்டர் இரவெல்லாம் குளிரில் வண்டியிலேயே கிடந்து பேட்டரி செத்திருந்தது. உள்ளே எடுத்து வைக்க வேண்டியவன் நான். மறந்துவிட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

அவன் குனிந்து, தொடலாமா என்பதுபோல் கட்டைவிரலை உயர்த்தினான். நான் வாயைத் திறந்தால் பதினான்கு மாதத்துக்கும் சேர்த்துப் பதில் சொல்ல வேண்டும். நானும் உயர்த்தினேன். அவன் லைனைத் தொட்டான்.

அவன் கொஞ்சமும் பயப்படவில்லை, சார். கீழே நான் நிற்கிறேன் என்ற தைரியம் அவனுக்கு இருந்தது. எனக்கு அது ஒன்றுதான் ஆறுதல்.