மரியாதைக்குக் குடித்த சுரைக்காய் ஜூஸ்

இந்த ஆர்கானிக் சந்தையோட ஸ்டால் வரிசையை ஒரு சுத்து பார்த்துட்டுத்தாங்க மேடையேறினேன். அரிசி ஆர்கானிக்... சரி. சோப்பு ஆர்கானிக்... அதுவும் சரி. ஒரு தம்பி மண் சுவத்தைக் கோணலாக் கட்டி, அதைப் போட்டோ எடுத்து மாட்டியிருக்காரு. கேட்டா, "ஆர்கானிக் டிசைன் சார்"ங்கிறாரு. பக்கத்துல ஓவியம் வெச்சிருக்காங்க. ஒரு கோடுகூட நேரா இல்லை. அதுவும் ஆர்கானிக்காம். கெமிஸ்ட்ரி வாத்தியார் ஒருத்தர் வந்து காதுல சொல்றாரு, "எங்க பாடப் புத்தகத்துப்படி கார்பன் சேர்ந்தாலே ஆர்கானிக். அப்படிப் பார்த்தா பூச்சிமருந்துலயே பாதி ஆர்கானிக்தாங்க."

சிரிங்க... நானும் சிரிச்சேன். ஆனா இந்த வார்த்தையைக் கேட்டா எனக்கு ஒரு பயம் வரும். ஏன்னு கேப்பீங்க. பெரிய விளக்கமெல்லாம் வேண்டாம், ஒரு சின்னக் கதையாவே சொல்லிடறேன்.

செல்வநாயகின்னு ஒரு அம்மா. குளத்தங்கரை வாக்கிங் பாதையில காலையில ஜூஸ் கடை போடறவங்க. அருகம்புல், நெல்லிக்காய், சுரைக்காய். சுரைக்காய் சொந்தத் தோட்டத்துல விளைஞ்சது. சாணி, பஞ்சகவ்யம் தவிர ஒரு சொட்டு மருந்து அந்தத் தோட்டத்துக்குள்ள போனதில்லை. நெஞ்சைத் தொட்டுச் சொல்றேன், கலப்படம்னா என்னன்னு தெரியாத மனுஷி.

இப்ப நீங்க சொல்லுங்க. நம்ம வீட்டுல சுரைக்காய் அறுத்தா முதல்ல என்ன செய்வோம்?... ஒரு கீத்து நறுக்கி நாக்குல வெச்சுப் பார்ப்போம். கசந்தா? காய் குப்பைக்குப் போகும். மாட்டுக்குக்கூடப் போடமாட்டோம். செல்வநாயகியும் வீட்டுல குழம்பு வெச்சா அப்படித்தான். ஆனா கடையில பார்க்கமாட்டாங்க. "நம்ம தோட்டத்துக் காய். ஆர்கானிக் காய். இதைப் போய் என்னத்தைச் சோதிக்கிறது?" அது பத்தாதுன்னு கடையில ஒரு பலகை வேற... 'கசப்பே மருந்து'.

ஒரு நாள் காலையில முதல் சுரைக்காய் ஜூஸை மகளுக்கு பாட்டில்ல ஊத்திக் குடுத்தாங்க. தாரணின்னு பேரு, காலேஜ்ல படிக்குது. அன்னைக்குப் பரீட்சை. "வெறும் வயித்துல குடிச்சிரு கண்ணு" அப்படின்னு பஸ் ஏத்தி விட்டாங்க. அதே காய் ஜூஸ்ல ரெண்டாவது டம்ளர் அருணகிரின்னு ஒரு பெரியவருக்கு. தபால் ஆபீஸ்ல இருந்து ரிட்டயர் ஆனவர். தினம் வர்றவர்.

ஒரு வாய் குடிச்சாரு. முகம் சுருங்கிப் போச்சு.

"அம்மிணி... இன்னைக்கு ரொம்பக் கசக்குதுங்களே?"

"கசந்தாத்தானுங் சார் உடம்புக்கு நல்லது. சுத்தமான ஆர்கானிக்குங்க."

மனுஷன் மடக்கு மடக்குன்னு குடிச்சாரு. டம்ளரைக் கவுத்து வெச்சுட்டு நடக்கப் போனாரு. முதல் சுத்து நல்லாத்தான் நடந்தாரு... ரெண்டாவது சுத்துல பெஞ்சைப் பிடிச்சுக்கிட்டாரு. வாந்தி. மறுபடி வாந்தி... அதுல ரத்தம்.

ஆம்புலன்ஸ் வந்துச்சு. கூட வந்த நர்ஸ் கேட்டாங்க, "கடைசியா என்ன குடிச்சாரு?"

"சுரைக்காய் ஜூஸ்தாங்க..."

"கசந்துச்சா?"

செல்வநாயகி மீதிக் காயில ஒரு கீத்து நறுக்கி நாக்குல வெச்சாங்க. வெச்ச வேகத்துல துப்புனாங்க. நாக்கு எரியுது. அப்பத்தாங்க ஞாபகம் வந்துச்சு... பாட்டில். மகளுக்குக் குடுத்த பாட்டில்.

போன் போட்டாங்க. மணி அடிக்குது... எடுக்கலை. மறுபடி போட்டாங்க. அடிக்குது... எடுக்கலை. பொண்ணு தூங்குதா, படிக்குதா, இல்லை பஸ்ஸுக்குள்ள சுருண்டு கிடக்குதா? பெத்தவ மனசு எதைங்க நினைக்கும்? பக்கத்துக் கடைப் பூக்காரம்மாவோட ஸ்கூட்டர்ல ஏறி, அந்தப் பஸ் போன வழியிலேயே போனாங்க. வழியில எதிர்த்தாப்புல ஒரு ஆம்புலன்ஸ் சத்தம் போட்டுட்டுப் போச்சு. அதுக்குள்ள யாருன்னு நினைச்சிருப்பாங்க?

காலேஜ் ஸ்டாப்ல பொண்ணு நிக்குது. கையில பாட்டில்.

காலி பாட்டில்.

"குடிச்சிட்டியா?" தோளைப் பிடிச்சு உலுக்கறாங்க அந்த அம்மா. "கண்ணு... குடிச்சிட்டியா?"

பொண்ணு பயந்து போய்ச் சொல்லுது, "திட்டாதேம்மா. ஒரு வாய் வெச்சேன், ஒரே கசப்பு. துப்பிட்டேன். மிச்சத்தை ஜன்னல் வழியா ஊத்திட்டேன்."

நடு ரோட்டுல உட்கார்ந்து அழுதாங்க செல்வநாயகி.

பெரியவர் பொழைச்சாருங்க. நாலு நாள் ஐசியூல கிடந்து பொழைச்சாரு. பார்க்கப் போன அம்மாகிட்ட அவர் என்ன சொன்னார் தெரியுமா? அதை நினைச்சாத்தான் எனக்கு இன்னைக்கும் தூக்கம் வர்றதில்லை. "முதல் வாயிலேயே தெரிஞ்சுதுங்க அம்மிணி, இது சரியில்லைன்னு. ஆனா ஆர்கானிக்குன்னு சொல்றீங்க... வேண்டாம்னா உங்களைச் சந்தேகப்பட்ட மாதிரி ஆயிடுமேன்னு குடிச்சுட்டேன்."

கேட்டீங்களா? மரியாதைக்குக் குடிச்சிருக்காரு மனுஷன்... விஷத்தை.

யார் மேல தப்பு சொல்றது? காய் ஆர்கானிக்தான். அந்தக் கசப்பும் ஆர்கானிக்தான். வெளியில இருந்து யாரும் ஊத்தினது இல்லை. செடி தன்னைக் காப்பாத்திக்க, தானே வெச்சுக்கிட்ட விஷம். இயற்கை நம்ம அம்மாதாங்க, இல்லேன்னு சொல்லலை. ஆனா பாம்புக்கும் அவதான் அம்மா.

மருந்தடிக்காம வெள்ளாமை பண்றவங்களை நான் கையெடுத்துக் கும்பிடறேன். என் பயம் அவங்க மேல இல்லை. ஒரு வார்த்தை வந்து நம்ம நாக்கைக் கட்டிப் போடுது பாருங்க, அது மேலதான். சோத்துல ஆரம்பிச்சு வீடு, துணி, படம் வரைக்கும் அந்த ஒரு வார்த்தையை ஒட்டிட்டா கேள்வி கேக்கக் கூடாதுன்னு நமக்கு நாமே சட்டம் போட்டுக்கிட்டோம்.

கூட்டம் முடிஞ்சு வெளிய போவீங்க. வாசல்ல அன்பாத்தான் டம்ளரை நீட்டுவாங்க. வாங்கிக்குங்க. ஒரு வாய் வெச்சுப் பாருங்க. கசந்தா... குடுத்தவங்க முகத்தைப் பார்க்காதீங்க. துப்பிடுங்க.