துரைசாமி சொல்லிட்டு வந்த சாயங்காலம்

எண்பத்து மூணாம் வருஷம். சாயங்காலம் ஏழே கால். சிங்கப்பூர் ஈசூன்ல அப்ப பாதி அடுக்குமாடி புளோக் காலி. பஸ்ஸ விட்டு எறங்கினா புதுத் தார் ரோடு... ரெண்டு பக்கமும் லாலாங் புல்லு... ஈ காக்கா கிடையாது.

அதுல ஓட்டமும் நடையுமா வந்தாரு துரைசாமி. என்கூட வேலை பார்க்குற பாக்கியத்தோட சித்தப்பா. சிரிக்காதீங்க லா, பாக்கியம் கதை விடுற ஆளு இல்ல.

அவருக்கு ஒரு ஆராய்ச்சிக்கூடத்துல ரூம் பூட்டுற வேலை. ஜொகூர் ஆத்தங்கரையில கிடைச்ச ஒரு பொம்பளையோட எலும்பு அங்க இருந்துச்சு. ரெண்டாயிரம் வருஷத்துப் பழசு. அந்தக் கரையில காலங்காலமா இருக்குற ஓராங் அஸ்லி சனங்க, அவ எங்க பாட்டி, அளந்து எழுதிக்குங்க, ஆனா எங்க ஆள் ஒருத்தர் பக்கத்துல இருக்கணும்னு சொல்லித்தான் குடுத்தாங்க. அப்படி வந்து உட்கார்ந்தவங்க மினா. இப்போ தொடப் போறாங்கன்னு அவங்க எலும்புகிட்ட சொன்னப்புறம்தான் ஆராய்ச்சி பண்ற டாக்டரே தொடுவாரு.

இன்னொண்ணும் சொல்லியிருந்தாங்க. கிளம்பும்போது யாரும் சொல்லிட்டுப் போகக் கூடாது. சொன்னா கூடவே வந்துரும். நம்ம சாவு வீட்டு வழக்கம் மாதிரிதான்.

துரைசாமிக்குத் தெரியாதா? அன்னைக்கு மனசு சரியில்ல. வீட்டுல எட்டு மாசப் பிள்ளைக்கு மூணு நாளா காய்ச்சல். கதவைச் சாத்தும்போது வாய் தானா சொல்லிருச்சு.

“போயிட்டு வர்றேன். பிள்ளைக்கு முடியல.”

என்ன சொன்னேன்னு மினா மலாய்ல கேட்டாங்க. இவரும் சொன்னாரு. அவங்க முகம் செத்துப் போச்சு. நான் எலும்புப் பெட்டிகிட்டயே இருக்கேன், நீ ஓடு, விடியிற வரைக்கும் பிள்ளைய யார் கையிலயும் குடுக்காதேன்னாங்க.

அதான் அந்த ஓட்டம். பின்னாடி... சப்... சப்... ஈரக் கால் தார்ல ஒட்டி எடுக்குற சத்தம். இவரு நின்னா நிக்குது. அப்புறம் ஒரு எடத்துல அது இவரைத் தாண்டிப் போயிருச்சு. கண்ணுக்கு ஒண்ணும் தெரியல. ஆத்துச் சேத்து வாடை மட்டும் குப்புன்னு.

லிஃப்ட் கதவு தெறந்துச்சு. உள்ளயும் அதே வாடை.

வீட்டுல லீலா, அவரு சம்சாரம், அடுப்படியில கஞ்சி கிண்டிக்கிட்டு இருந்தாங்க. பிள்ளை எங்கன்னாரு.

“மெதுவா பேசுங்க. நீங்க அனுப்பின அம்மா தொட்டில ஆட்டுறாங்க. மூணு நாளா பால் தொடாத பிள்ளை, இப்பத்தான் தூங்குது.”

ரூமுக்கு ஓடினாரு. யாருமில்ல. சாரோங் தொட்டில் மட்டும் ஆடுது... ஸ்பிரிங் கிரீச்... கிரீச்...

காய்ச்சல் சுத்தமா விட்டிருந்துச்சு. பிள்ளையோட கடைவாயில பால் வழிஞ்சிருந்துச்சு. தொடச்சுட்டு விரலை மோந்து பார்த்தாரு.

ஆத்துச் சேறு.