பதினான்காம் எண் வண்டிக்கு ஓர் ஆள்

இந்த விசாரணை அறையில் ஹீட்டர் நன்றாக வேலை செய்கிறது. எங்கள் பணிமனையில் அது கெட்டுப்போய் மூன்று குளிர்காலம் ஆகிவிட்டது. குறை சொல்லவில்லை. நகராட்சியில் எது முன்னால், எது பின்னால் என்று ஒரு வரிசை உண்டு. போலீஸ் வண்டிகளுக்கு அந்த வரிசையைப் போடுவதுதான் என் வேலை.

வண்டி வாங்குவது பெரிய காரியமில்லை. எப்போது கைவிடுவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வயதுக்குச் சில புள்ளிகள், ஓடிய தூரத்துக்குச் சில, பழுதுச் செலவுக்குச் சில. ரோந்து வண்டி நிற்கும்போதும் தேய்கிறது; தெருமுனையில் எஞ்சினை அணைக்காமல் மணிக்கணக்கில் நிற்கும். அந்தத் தேய்மானம் மைல் கணக்கில் வராது. அதற்கும் நான் புள்ளி போட்டேன். கூட்டுத்தொகை எல்லையைத் தாண்டினால் வண்டி ஏலத்துக்குப் போக வேண்டும். யார் மேலும் கோபமோ பிரியமோ காட்ட இதில் இடமில்லை. அதனாலேயே எனக்கு இந்த முறை பிடித்திருந்தது.

வருடந்தோறும் ஆறு வண்டி கேட்பேன். ஒன்றோ இரண்டோ கிடைக்கும். போன இலையுதிர் காலத்து பட்ஜெட் கூட்டத்தில் பதினான்காம் எண் வண்டியைப் பற்றித் தனியாகவே சொன்னேன். எங்கள் ஏரிக்கரை ஊரில் பனியை உருக்கச் சாலையில் கொட்டும் உப்பு, வண்டியின் அடிச்சட்டத்தைத் தின்றுவிடும். இன்னொரு குளிர்காலத்தை அது தாங்காது என்றேன்.

நகர்மன்றத் தலைவி லொரெய்ன் பிகட் கண்ணாடியைத் தலைக்கு ஏற்றிக்கொண்டார். "வெண்டல், வருஷா வருஷம் இதையேதான் சொல்றீங்க." பிறகு வாசலருகே காவலுக்கு நின்றிருந்த ரோந்துக் காவலர் ட்ராவிஸ் ஹோல்கமைப் பார்த்தார். "நீங்களும் அதை ஓட்டியிருக்கீங்கல்ல? எப்படி இருக்கு?"

"என் முன்னாள் பொண்டாட்டி மாதிரிதான் மேடம். கத்திக்கிட்டே இருக்கும். ஆனா நம்ம எல்லாரையும் பொதைச்சிட்டுத்தான் அது போகும்."

மன்றம் சிரித்தது. ஹோல்கம் அத்தோடு விடவில்லை. "நம்ம வெண்டலுக்குப் புது வண்டி வாசனைன்னா உசுரு மேடம். வேற ஒண்ணுமில்ல."

நானும் சிரித்தேன். அந்த ஆண்டு வண்டிக்கு வைத்திருந்த பணத்தில் பெரும்பகுதி பூங்காவின் இசைமேடைக்குக் கூரை போடப் போயிற்று. நல்ல கூரைதான். பார்த்திருப்பீர்கள்.

ஜனவரியில் மெக்கானிக் ஆரின் அந்த வண்டியை அடிப்பக்கம் பார்ப்பதற்காக லிஃப்டில் ஏற்றினான். முன்சக்கரத்தைத் தாங்கும் இடத்தில் ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினான். அது உள்ளே போய்விட்டது.

"வெண்டல், இங்க வந்து பாருங்க. இரும்பா இது? பிஸ்கட்டு. வெல்டு வைக்கக்கூட எடமில்ல. இனி இதை எவனும் தொடக்கூடாது."

"பின்னால கொண்டுபோய் நிறுத்து. சாவி என்கிட்ட இருக்கட்டும்," என்றேன்.

சாவியைப் பற்றி அவன் உங்களிடம் சொல்லியிருப்பான். சொன்னது சரிதான். அது என் மேசை இழுப்பறையில் இருந்தது.

அதற்குப் பிறகு நிறைய யோசித்தேன். எனக்கு வீட்டில் பேசுவதற்கு ஆளில்லை, யோசனை தடைபடாது. பக்கத்து ஊரில் ஒரு காவலர் விபத்தில் இறந்தார். அடுத்த மாதமே அங்கே பழைய வண்டிகள் அத்தனையும் மாற்றப்பட்டன. மன்றத்தில் இருப்பவர்களுக்குப் புள்ளிகள் புரிவதில்லை. சவ ஊர்வலம் புரிகிறது. எங்கள் வண்டிகளை நம்பி முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் தினமும் சாலைக்குப் போகிறார்கள். ஒருவர் போனால் மற்றவர்கள் பிழைப்பார்கள். என் இடத்தில் இருந்தால் நீங்களும் இந்தக் கணக்கைத்தான் போட்டிருப்பீர்கள்.

யார் என்பதை அதிர்ஷ்டத்திடம் விட எனக்கு மனமில்லை. அது பொறுப்பில்லாத செயல். ஆகவே ஆட்களுக்கும் புள்ளி போட்டேன். வயது, ஓய்வுக்கு மிச்சமிருக்கும் வருடங்கள், எடுத்த மருத்துவ விடுப்பு, வீட்டில் காத்திருப்பவர்கள். ஹோல்கம் தனியாக இருந்தார். ஒரு மகள் உண்டு. ஆனால் தாயோடு வேறு ஊரில் இருந்தாள். அதற்கு அரைப் புள்ளி கழித்தேன். மறந்துவிடவில்லை.

பிப்ரவரியில் ஒரு காலை, பனியில் இரண்டு வண்டிகள் பழுதாகி வந்தன. ஆரின் அன்று விடுப்பு. பதினான்காம் எண் சாவியை எடுத்துச் சாவிப் பலகையில் ஹோல்கமின் பெயருக்கு நேரே மாட்டினேன்.

அவர் அதைச் சுண்டிப் பிடித்தார். "அடடே, கெழவி இன்னும் உசுரோடதான் இருக்காளா?"

"இருக்கா. பாத்து ஓட்டுங்க," என்றேன்.

இதை எழுதிக்கொள்ளுங்கள். பார்த்து ஓட்டச் சொன்னேன்.

மில் தெரு இறக்கத்தில், வேகமாகப் போன யாரோ ஒருவனைத் துரத்தும்போது, முன்சக்கரம் மடங்கிக்கொண்டது. கீழே ஆறு. மிச்சம் உங்களுக்குத் தெரியும்.

அடக்கத்தன்று லொரெய்ன் பிகட் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க சொன்னீங்களே வெண்டல், நாங்கதான் கேக்கல," என்று அழுதார். அன்று நிம்மதியாக இருந்தது. ஒருவர் போனது வீண் போகாது என்று நினைத்தேன்.

பிறகு ஹோல்கமின் மகள் சார்பில் வழக்குப் போட்டார்கள். நகராட்சி சமரசத்துக்கு வந்து பெரிய தொகை கொடுத்தது. அந்தப் பணம் எங்கிருந்து எடுக்கப்பட்டது தெரியுமா? வண்டி மாற்றும் நிதியிலிருந்து. அங்கேதான் பணம் சும்மா கிடக்கிறது என்றார்களாம். இந்த வருடம் ஒரு வண்டியும் இல்லை. அடுத்த வருடமும் இருக்காது. உங்களை இங்கே ஏற்றிவந்த வண்டிகூட எப்போதோ எல்லையைத் தாண்டிவிட்டது.

அன்று மன்றத்தில் கேலி செய்ததற்காகத்தானா என்று நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். இல்லை. எனக்கு ஹோல்கம் மேல் ஒரு வருத்தமும் கிடையாது. புள்ளிகள் சொன்ன பெயர் அது. முதல் இரண்டு முறை கூட்டியபோது வேறு யார் யாருடைய பெயரோ வந்தது. எங்கோ தவறு நடந்திருக்கிறது என்று பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. மூன்றாம் முறைதான் சரியாக வந்தது.