அக்காவுக்கு நான் கட்டிய நரம்புகள்

டென்னிஸ் ராக்கெட்டுக்கு நரம்பு கட்டுகிறவர்களுக்கு விரல் நுனி காய்த்துப்போகும். என்னுடையதைத் தொட்டுப் பாருங்கள், ரேகையே தேய்ந்துவிட்டது.

கல்லூரியில் அக்காவும் நானும் இரட்டையர் ஆட்டத்தில் ஜோடி. கோப்பையை அவள் வாங்குவாள், போட்டோவில் நானும் நிற்பேன். அதில் எனக்கு வருத்தமே இல்லை. படிப்பு முடிந்ததும் அவள் தொழில்முறை ஆட்டக்காரியாகி ஊர் ஊராகப் போனாள். நான் மாடியறையில் நரம்பு கட்டும் இயந்திரத்தோடு உட்கார்ந்துவிட்டேன். தன் ராக்கெட்டுகளை என்னைத் தவிர யாரும் தொடக்கூடாது என்பாள். கூடப் பிறந்தவள் கையாயிற்றே.

அம்மா போன பிறகு வீட்டில் நான் ஒருத்திதான். ஜெயித்தால் அக்கா அடுத்த ஊருக்குப் போவாள். முதல் சுற்றிலேயே தோற்றால் நேராக வீட்டுக்கு வந்து என் மடியில் தலைவைத்து அழுவாள். நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?

ஒரு ராக்கெட்டில் நரம்பைக் கொஞ்சம் தளர்த்தினேன், பந்து கோட்டைத் தாண்டியது. இன்னொன்றை இறுக்கினேன், வலையில் விழுந்தது. எல்லாம் சிறுகச் சிறுகத்தான். அவள் சந்தேகப்பட்டுத் தட்டிக்கூடப் பார்த்ததில்லை.

"யானைக்கும் அடி சறுக்கும்க்கா" என்று தேற்றுவேன்.

"ராக்கெட்ட குத்தம் சொல்ல முடியாதுடி, நீ கட்டுனது. என் கைதான் போச்சு."

தோளில்தான் கோளாறு என்று டாக்டர் கத்தி வைத்தார். சம்மதக் கையெழுத்துப் போட்டது நான். திறந்து பார்த்தால் உள்ளே சொல்லும்படியாக ஒன்றும் இல்லையாம். ஆனால் அதற்கப்புறம் அந்தக் கை தோளுக்கு மேல் எழவில்லை. தலை வாரிவிடுவது, ரவிக்கை மாட்டிவிடுவது எல்லாம் நான்தான். ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்று சும்மாவா சொன்னார்கள்.

சாயங்காலமானால் மட்டும் எனக்குப் பயம். பின்சுவரில் பந்து மோதும் சத்தம் கேட்கும். போய்ப் பார்த்தால் வெறும் சுவர், அக்கா உள்ளே படுத்திருப்பாள். வருஷக்கணக்காக இப்படித்தான்.

போன வாரம் சத்தம் கேட்டுப் போனேன். நிஜமாகவே அக்கா நின்றாள். இடது கையால் அடித்துக்கொண்டிருந்தாள். பந்து திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் போய்ப் பட்டது.

"இந்தக் கைக்கும் வருதுடி, பாரேன். இதுக்குப் புதுசா நரம்பு கட்டிக் குடு. உன்ன விட்டா எனக்கு யாரு இருக்கா?"

கல்லூரி நாளில் பார்த்த அதே சிரிப்பு. ராக்கெட்டை வாங்கிக்கொண்டு மாடிக்குப் போனேன்.

நேற்றுக் கட்டிக் கொடுத்துவிட்டேன். கொஞ்சம் தளர்வாகத்தான். இந்தக் கையும் கத்திவரைக்கும் போவதைப் பார்க்கிற தெம்பு எனக்கில்லை. அதனால்தான் இந்தத் தடவை ஆரம்பத்திலேயே பார்த்துக்கொள்கிறேன்.